திட்டத் தெரியாத இங்கிலீஷ்

என் அண்ணிக்கு எங்கள் தெருவில் ப்ளீஸ் டீச்சர் என்று பெயர். வைத்தது நான்தான். நேரில் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு நன்றி சொல்லிவிடுவார்.

கீழே என் தையல் கடை, மேலே அண்ணியின் இங்கிலீஷ் வகுப்பு. மாடிப்படி என் கடைக்குள்ளேயே இருப்பதால், படிக்க வருகிறவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். வருகிறவர்கள் பிள்ளைகள் இல்லை. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு சாயங்காலம் வந்து உட்காருகிற பெரியவர்கள். பேங்க் வாசலில் நிற்கும் வாட்ச்மேன், ஆஸ்பத்திரி ஆயா, வாடகைக் கார் ஓட்டுகிறவர், அடுத்த தெரு பாத்திரக்கடை அக்கா.

அண்ணி ஒரு காலத்தில் கப்பல் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'இதில் கையெழுத்துப் போடுங்கள்' என்பதை மேனேஜரிடம் இங்கிலீஷில் மொட்டையாகச் சொல்லிவிட்டாராம். "எனக்கே உத்தரவு போடறியா?" என்று அந்த மனுஷன் ஆபீஸே வேடிக்கை பார்க்கக் கத்தியிருக்கிறார். அன்று கூனிக்குறுகி நின்றதை அண்ணி மறக்கவே இல்லை. அதன் பிறகு மரியாதை சேர்க்காத ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தது கிடையாது. வேலையை விட்டதும் வகுப்பு ஆரம்பித்தவர், "என்கிட்ட படிக்கிற யாரும் அப்படி நிக்கக் கூடாது" என்றார்.

அதனால் அவர் வகுப்பில் முதலில் ஆபீஸ் இங்கிலீஷ், வீட்டு இங்கிலீஷ் அப்புறம். அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை என்பது வேறு விஷயம். மொட்டையாகப் பேசினால் அபராதம் உண்டு. என் கடையில் மிஞ்சின பட்டன்களை ஆளுக்கு ஒரு பிடி கொடுத்திருப்பார். ஒரு ப்ளீஸ் விட்டுப்போனால் ஒரு பட்டனைத் தகர டப்பாவில் போட வேண்டும். மேலே 'டங்' என்று சத்தம் கேட்டால், வாட்ச்மேன் மறுபடி மறந்துவிட்டார் என்று கீழே நான் தெரிந்துகொள்வேன்.

பாத்திரக்கடை அக்காவின் பட்டன் மட்டும் குறையவே குறையாது. அவருடைய ஒரே மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவளுக்கு இங்கிலீஷைத் தவிர வேறு பேச்சு தெரியாது. மருமகள் முதல்முறையாக வீட்டுக்கு வரப்போகிறாள் என்று தெரிந்ததும் அக்கா வகுப்பில் வந்து சேர்ந்தார். "நாலு வார்த்தை பேசணும் டீச்சர். வந்த பொண்ணு எதிர்ல ஊமையாட்டம் உக்காந்திருக்க முடியாது" என்றார். படித்தார் பாருங்கள், அப்படி ஒரு படிப்பு! குக்கர் விற்கும்போதுகூட வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

மருமகள் வந்தாள். சட்டை தைக்க அளவு கொடுப்பதற்காக அக்கா அவளை என் கடைக்கு அழைத்து வந்தார். கையைத் தூக்கச் சொன்னேன். அக்கா அதை இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அரைகுறையாகப் புரிந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'தாங்கள் தங்கள் வலக்கரத்தைச் சற்றே உயர்த்த இயலுமாயின், நான் மிகுந்த நன்றியுடையவளாவேன்.'

அந்தப் பெண் கையைத் தூக்கினாள். ஆனால் முகம் வாடிவிட்டது. பதிலுக்கு அவளும் நீளமாக ஏதோ நன்றி சொன்னாள். இரண்டு நாட்டுத் தூதர்கள் மாதிரி மாமியாரும் மருமகளும் ஓரடி இடைவெளி விட்டு நடந்து போனார்கள். அக்கா மட்டும் திரும்பிப் பார்த்து, "எப்படி?" என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

வியாழக்கிழமை மகன் தனியாக வந்து நேரே மாடிக்குப் போனான். அவன் முகமே சரியில்லை. நானும் மெஷினை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே போனேன். வம்புக்கு அலைகிறவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

"டீச்சர், எங்கம்மாவுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீங்க?" என்று கேட்டான். "என் பொண்டாட்டி உக்காந்து அழறா. உங்கம்மாவுக்கு என்னைப் பிடிக்கலன்னு சொல்றா."

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒரு தப்புகூட இல்லாம பேசுவாங்களே தம்பி."

"அதான் டீச்சர் வினையே. டீ வேணுமான்னு கேக்கறதுக்கு வக்கீல் நோட்டீஸ் விடறாங்க. இவ வீட்ல ஒருத்தர் மேல கோவம்னாதான், ஒதுக்கி வெக்கறதுக்கு இப்படிப் பேசுவாங்களாம். அம்மா படிச்சதே இப்படித்தான்னு சொல்லிப் பார்த்துட்டேன், நம்ப மாட்டேங்கறா. அம்மாகிட்டயும் சொல்ல வாய் வரல. ஞாயித்துக்கிழமை கிளம்பறோம். இந்த நெனப்போட போனா அவ இந்த வாசப்படி மறுபடி மிதிக்க மாட்டா டீச்சர்."

அவன் போன பிறகும் அண்ணி கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இதுக்கு ஏன் இடிஞ்சுபோய் உக்காரணும் அண்ணி? அந்த வீட்டு இங்கிலீஷை இப்பவே சொல்லிக் கொடுத்துடுங்க."

"எனக்குத் தெரியாதே."

"என்னது?"

"நான் யார்கிட்ட பேசியிருக்கேன் சொல்லு. மேனேஜர்கிட்ட பேசினேன். நாள் பூரா லெட்டர் அடிச்சேன். வீட்ல பேசினா உங்கண்ணன் காதைப் பொத்திக்கறார். பிரியமா ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை இங்கிலீஷ்ல நான் பேசினதே இல்லடி."

இத்தனை நாள் கிண்டல் செய்த எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

சனிக்கிழமை தகர டப்பா மேஜைமேல் இல்லை. மகன் வந்து போனதை அண்ணி ஒளிக்கவில்லை. அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார், தப்பு தன்னுடையது என்றும் சொன்னார். "நான் மரியாதையாத்தானே பேசினேன்" என்றார் அக்கா.

வகுப்பு தொடங்கியதும் அண்ணி எல்லோரையும் பார்த்து, "உங்க வீட்டுப் பிள்ளைங்ககிட்ட எப்படிப் பேசுவீங்க?" என்று கேட்டார்.

"திட்டுவேன்" என்றார் ஆயா பட்டென்று.

"அப்ப இன்னிக்குத் திட்டற பாடம். ஆளுக்கு ஒரு திட்டு, இங்கிலீஷ்ல."

பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற சாக்கில் நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஒருவராலும் முடியவில்லை. வாட்ச்மேன் எழுந்தார், நெஞ்சை நிமிர்த்தினார், விரலை நீட்டினார், "ப்ளீஸ்" என்று ஆரம்பித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போதுதான் ஆயா சொன்னார்: "டீச்சர், இங்கிலீஷ்ல நமக்குத் திட்டு வாங்கித்தானே பழக்கம்?"

சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டரும் மேனேஜரும் காரின் பின்சீட்டில் உட்காருகிறவர்களும் பேசுகிற பேச்சு அது. கோபம் அவர்களுடையது, ப்ளீஸ் இவர்களுடையது. எனக்குச் சுருக்கென்றது. அண்ணி விடாமல் நாலைந்து திட்டுகளைத் தானே யோசித்துச் சொன்னார். அதுவும் எச்சரிக்கைக் கடிதம் மாதிரியே இருந்தது.

போகும்போது அக்கா, "எனக்கு இது வராது டீச்சர். நாளைக்கு வாயை மூடிட்டு அனுப்பி வெச்சுடறேன். அவ மனசு இன்னும் நோகாம இருந்தா சரி" என்றார்.

ஞாயிறு காலை அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டு வழியனுப்பப் போனார். பாத்திரக்கடை வாசலில் கார் நின்றது. அக்கா சொன்னபடியே வாயைத் திறக்காமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். மருமகள் எதிரில் வந்து நின்று, தங்க இடம் கொடுத்ததற்கு நீளமாக நன்றி சொன்னாள். அக்கா தலையை ஆட்டினார். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

மகன் டிக்கியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். வாசற்படி அருகே ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. அது நிறைய அக்கா மருமகளுக்கென்று கடையிலிருந்து பொறுக்கி எடுத்து வைத்த பாத்திரங்கள். நல்ல கனம். ஊதினால் பறந்துவிடுவாள் போலிருந்த அந்தப் பெண் குனிந்து அதைத் தூக்கப் போனாள்.

"ஏய்! நோ! டோன்ட் டச்!"

கத்தியது யாரென்று எனக்கே முதலில் தெரியவில்லை. அக்கா பாய்ந்து போய்ப் பெட்டியைப் பிடித்தார். "யூ ஈட் நத்திங்! நோ ஸ்ட்ரென்த்! கோ! சிட் இன் கார்!" அண்ணி சொல்லிக் கொடுத்ததெல்லாம் காற்றில் பறந்தது. பெட்டியைத் தானே தூக்கப் பார்த்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "அம்மாடி" என்று பாதியில் அப்படியே நின்றார்.

மருமகள் அவர் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கப் பார்த்தாள். அவளும் கத்தினாள். அக்காவின் இடுப்பைக் காட்டி, படியைக் காட்டி, மூச்சுவிடாமல் படபடவென்று பொரிந்து தள்ளினாள். மகன் பயந்துபோய்க் காரோடு ஒட்டி நின்றான்.

அக்கா பெட்டியை விடாமலே திரும்பினார். "டீச்சர், என்ன சொல்றா? எனக்கு ஒண்ணும் புரியல."

அண்ணியும் திருதிருவென்று விழித்தார். "எனக்கும் முழுசாப் புரியல. ஆனா திட்டறா."

"திட்டறாளா? என்னையா?"

"உங்களைத்தான். நல்லாத் திட்டறா."

"திட்டட்டும்" என்றார் அக்கா. "திட்டட்டும், திட்டட்டும்." பெட்டியை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் நிறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மாமியாரின் இடுப்பைத் தேய்த்துவிட்டபடியே திட்டிக்கொண்டிருந்தாள்.