நடுக்கத்தார் மூடிய வால்வு

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் மூத்த ஆபரேட்டரை எல்லோரும் நடுக்கத்தார் என்று மரியாதையாகவே அழைத்தார்கள். பயம் வந்தால் எதையாவது மூடிவிடுவது அவர் சுபாவம். இடி இடித்தால் ஜன்னலை மூடுவார். தன் கல்யாணத்தில் போட்டோ எடுத்தபோது கண்ணை மூடிக்கொண்டார்; மாப்பிள்ளை இன்றுவரை சுவரில் தூங்குகிறார்.

ஒரு நாள் இன்ஜினியர் கூப்பிட்டார். "கசடு லாரி லாரியா போகுது. பாதியாக் குறைங்க. இல்லேன்னா மேல இருக்கிறவங்க ஆளைப் பாதியாக் குறைச்சிடுவாங்க."

கழிவுநீரிலிருந்து அடியில் படியும் கசட்டைக் குறைக்க முறையான வழி உண்டு. தொட்டிக்குள் காற்றைப் பதமாகச் செலுத்தி, அங்குள்ள நுண்ணுயிர்களைப் பட்டினி போட்டால் அவை ஒன்றையொன்று தின்னும். கசடு மெல்ல இளைக்கும். அதற்குப் பொறுமை வேண்டும். நடுக்கத்தாரிடமோ பயம்தான் இருந்தது. நேரே போய், தொட்டியிலிருந்து உலர்த்தும் களத்துக்குக் கசடு வெளியேறும் வால்வையே மூடிவிட்டார்.

லாரிகள் சும்மா நின்றன. இன்ஜினியர் பூரித்துப்போனார். இந்தச் சாதனையைக் கற்றுக்கொள்ள மற்ற நிலையங்களிலிருந்து ஆட்கள் வருவதாகத் தகவல் வந்தது.

வெளியே போகாத கசடு, நீர் தெளிந்து ஆற்றுக்குப் போகும் தெளிவுத் தொட்டியின் அடியில்தானே கிடக்கும்? நடுக்கத்தார் தினமும் அதற்குள் கண்ணாடிக் குழாயை இறக்கித் தூக்கிப் பார்ப்பார். குழாயில் பழுப்பு ஏறிக்கொண்டே வந்தது. ஒரு பெருமழை போதும், அத்தனையும் விளிம்பைத் தாண்டி ஆற்றில் கலந்துவிடும். அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் அடுத்த ஊரில் அவர் மகளும் பேத்தியும் குடிக்கிறார்கள்.

சோறு இறங்கவில்லை.

"கொசுவைப் பாத்தாலே கதவைச் சாத்துற மனுஷன், அங்க எதைச் சாத்திட்டு வந்தீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"அதை ஏன் போர்வைக்குள்ள இருந்து சொல்றீங்க?"

விருந்தாளிகள் வந்த அன்று வானம் கறுத்தது. கசடு உலர்த்தும் களத்தின் ஓரத்தில் நின்று, "பாருங்க, களமே காலி!" என்று இன்ஜினியர் முழங்கும்போது, முதல் துளி நடுக்கத்தாரின் மூக்கில் விழுந்தது. மூடுவதற்கு இனி எதுவும் மிச்சமில்லை. ஓடினார். வால்வைத் திருகித் திறந்தார்.

காலிக் களத்தில் கசடு குபுகுபுவெனப் பாய்ந்தது. பளபளத்த ஷூக்கள் பின்வாங்கின.

"என்னய்யா இது?"

"நாம குறைச்ச கசடுதான் சார்."

வேலை போச்சு என்று அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். விருந்தாளிகளில் ஒருவர், பக்கத்து நிலையத்து ஆபரேட்டர், காதோரம் வந்து கிசுகிசுத்தார். "அண்ணே, நானும் மூடித்தான் வெச்சிருக்கேன். எங்க தொட்டியிலயும் விளிம்பு வரைக்கும் நிக்குது. எப்படிண்ணே திறந்தீங்க? பயமா இல்லையா?"

"பயந்துதான்யா திறந்தேன். ஓடு, மழை உங்க பக்கந்தான் போகுது."