டெட் என்று எழுதிய சாக்கட்டி

ஓர்ஃபா டாக்கெட் எங்கள் பத்திரிகை ஆபீஸில் தரை துடைப்பவள். அவள் கணவன் லான்ஸோ, நிலக்கரிப் படகில் வேலை செய்பவன். முப்பத்தேழாம் வருடம் ஜனவரியில் ஒஹாயோ ஆறு ஊருக்குள் புகுந்தபோது, கூரைமேல் ஏறி நின்றவர்களை அழைத்துவரத் துடுப்புப் படகில் போனவன் திரும்பவில்லை.

காணாமல் போனவர்கள் முப்பத்தொரு பேர். அந்தப் பட்டியலை அச்சுக் கோத்தது நான்தான். கடைசிப் பெயர் லான்ஸோவுடையது. மூன்று நாள் அதே பட்டியல் முதல் பக்கத்தில் வந்தது. நாலாம் நாள் வியாழக்கிழமை புதிய பட்டியல் வந்துவிட்டதால் பழைய எழுத்துக்களுக்கு வேலையில்லை. காலை ஒன்பது மணி இருக்கும். எழுத்துக்களை அடுக்கிவைத்த தட்டின் மேல் கிடந்த புரூஃப் தாளின் அடியில், கடைசிப் பெயருக்குக் கீழே, சாக்கட்டியால் ‘டெட்’ என்று எழுதினேன். அந்த ஈய எழுத்துக்களை உருக்கிவிடலாம் என்று அர்த்தம். எங்களுக்கு அது தினமும் நூறு தடவை எழுதுகிற வார்த்தை.

சற்று நேரத்தில் ஓர்ஃபா அந்தப் பக்கம் துடைத்துக்கொண்டு வந்தாள். நின்றாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பாதி வேலையில் போய்விட்டாள். வீட்டில் சேறு புகுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

இரண்டு வாரம் கழித்து லான்ஸோ ஆபீஸுக்குள் என் முன்னால் வந்து நின்றான். கன்னம் ஒட்டி, யாருடையதோ ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு.

“மிஸ்டர் க்ரம், நான் செத்துட்டேன்னு போட்டீங்களாமே?”

“யாருய்யா சொன்னது?”

“என் பொண்டாட்டி. கறுப்பு உடுப்பு போட்டுக்கிட்டு கதவத் தெறக்க மாட்டேங்கறா. வாசப்படியில ரொட்டியும் காபியும் வெச்சுட்டு, நான் திங்கறேனா இல்லையான்னு ஜன்னல் வழியா பாக்கறா. ‘எதுக்கு வந்தீங்க, என்ன கொற வெச்சேன்’னு கேக்கறா. அஞ்சு நாளா கோழிக் கொட்டகையில படுத்திருக்கேன்.”

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நானே போய் அவளைக் கெஞ்சி அழைத்து வந்தேன். லான்ஸோவை வெளியே நிறுத்திவிட்டு, தட்டுத்தட்டாகக் காட்டினேன். செருப்பு விளம்பரம், டெட். போன வாரக் கல்யாணச் செய்தி, டெட். கூடைப்பந்து ஆட்டக் கணக்கு, டெட்.

“இந்தப் பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் நல்லாத்தானம்மா இருக்காங்க. எழுத்துக்குத்தான் அந்தப் பேரு. அச்சடிச்சு முடிஞ்சா டெட். இன்னும் தேவைன்னா லைவ்.”

அந்த நேரம் பார்த்து ஆசிரியர் மாடியிலிருந்து கத்தினார்: “லைன் டெட்டாயிடுச்சு, டெலிபோன்காரனக் கூப்பிடு!”

ஓர்ஃபா சிரிக்கவில்லை. “டெட்டுன்னு எழுதினத அப்புறம் என்ன செய்வீங்க?”

“உருக்கி மறுபடி வார்ப்போம்.”

“அதே எழுத்து வருமா?”

“ஈயம் அதேதான். எழுத்து வேறயா இருக்கலாம்.”

வெளியே நின்றவனைக் கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “சரி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றாள், யாரோ விருந்தாளியைச் சொல்வதுபோல.

பதினோரு வருடம் வாழ்ந்தார்கள். சண்டை இல்லை. ஆனால் ஒருநாள் லான்ஸோ என்னிடம் தனியாகச் சொன்னான்: “அந்த வெள்ளம் அடிச்சுட்டுப் போயி, நாப்பது மைல் தள்ளி ஒரு சர்ச்சுல காய்ச்சல்ல கெடந்தேன். ஒரு வியாழக்கிழம காலையில நான் முடிஞ்சுட்டேன்னு துணிய இழுத்து மூஞ்சிய மூடிட்டாங்க. ஒம்போது மணி. மணியடிச்சது கேட்டுச்சு. அப்புறம் இருமினேன், தெறந்துட்டாங்க.”

“ஓர்ஃபாகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். ‘எனக்குத் தெரியும்’னா.”

அன்றிலிருந்து நான் தட்டுகளில் வெறும் பெருக்கல் குறிதான் போட்டேன். பையன்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

நாற்பத்தெட்டில் லான்ஸோ நுரையீரல் கெட்டு இறந்தான். உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொல்லியும் ஓர்ஃபா சவப்பெட்டியை மூட விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அடக்கம் செய்ய வந்தவர்கள் கெஞ்சினார்கள்.

“ஒரு தடவ அவசரப்பட்டுட்டேன்” என்றாள். “போங்க. இருமுறாரான்னு பாக்கணும்.”

இரண்டு பகலும் இரண்டு இரவும் அப்படியே இருந்தாள். மூன்றாம் நாள் காலை அவளாகவே எழுந்து, அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, மூடியை இழுத்து மூடினாள்.