தையல் டீச்சர் வீட்டுக் கரையான்

என் அண்ணனைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். டொக்கு என்றால்தான் தெரியும். யார் வீட்டுக்குப் போனாலும், உட்காருங்கள் என்று அவர்கள் சொல்வதற்குள் கதவு நிலையை விரல் முட்டியால் டொக் டொக்கென்று தட்டிக் காதை வைத்துக் கேட்பான். அவனுக்குக் கல்யாணம் பேசப் போன அன்றும் அதே கூத்துதான். பெண்ணின் அப்பா சம்மதம் சொல்லி வாயை மூடவில்லை, இவன் எழுந்துபோய் ஜன்னல் சட்டத்தைத் தட்டிவிட்டு, "பொண்ணைப் பிடிச்சிருக்கு மாமா, ஆனா இந்த ஜன்னல் போச்சு" என்றான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அண்ணி மட்டும் உள்ளே சிரித்தாளாம். அந்தச் சிரிப்புக்கு இன்றுவரை அனுபவிக்கிறாள், பாவம்.

கரையானுக்கு மருந்து அடிக்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. சுவர் ஓரமாகத் தரையில் துளை போட்டு மருந்தை இறக்க வேண்டும். வேலையில் கெட்டிக்காரன், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாலு பேர் கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டால் அவனுக்குத் தலைகால் புரியாது. அதிலும் ஊருக்குள் புதுக் கரையான் வந்த பிறகு அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

கப்பலில் சாமான் அடைத்து வரும் மரப்பெட்டிகளோடு அது துறைமுகத்தில் இறங்கியது என்றார்கள். அதனால் கப்பல் கரையான் என்றே பெயர் விழுந்துவிட்டது. இங்கே இருந்த பழைய கரையான் காய்ந்த மரத்தைத் தின்றுவிட்டுப் போகும். இந்தச் சனியன் பச்சை மரத்துக்குள்ளேயே புகுந்துகொள்ளும். வெளியே ஓர் இலைகூட வாடாது, உள்ளே ஒன்றும் மிச்சம் இருக்காது. வீட்டுச் சுவருக்குள் கொஞ்சம் ஈரம் கிடைத்தால் போதும், அங்கேயே கூடு கட்டிக் குடித்தனம் நடத்தும்.

கம்பெனியில் மற்றவர்கள் படத்தைக் காட்டி இதையெல்லாம் விளக்குவார்கள். என் அண்ணனுக்குப் படம் போதுமா? ஒரு வீட்டில் பிடித்த கப்பல் கரையானை நீல அச்சுப் போட்ட ஈர அட்டையோடு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டான். போகிற வீடுகளில் அதை மேசைமேல் வைத்து, "காதை வெச்சுக் கேளுங்க சார்" என்பான். உள்ளே கரகரவென்று சத்தம் கேட்கும். கேட்டவர்கள் அரண்டுபோய் அப்போதே மருந்தடிக்கச் சொல்லிவிடுவார்கள்.

நான் அவன் வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். குழாயடித் திட்டில் அந்த டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும்.

"வீட்டுல நாய் வளர்ப்பாங்க, பூனை வளர்ப்பாங்க. கரையான் வளர்க்கிறவனை இப்பத்தான் பார்க்கிறேன்" என்பேன்.

"இது ராணி இல்லாத கூட்டம்மா. முட்டை போட ஆளில்ல. தானா செத்துடும். உனக்கு என்ன தெரியும், போ" என்பான்.

டப்பாவுக்குள் கூட்டம் சோர்ந்துபோனால் அட்டையோடு சேர்த்துக் குழாயடிச் சுவரோரம் கொட்டிவிட்டு வேறு பிடித்து வருவான். அந்தச் சுவர் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது.

பக்கத்து வீட்டில் தையல் டீச்சர் தனியாக இருந்தார். முன்னறையில் இரண்டு மெஷின், துணி வெட்டும் பெரிய மேசை ஒன்று. தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் துணி தைப்பார். வாசலில் பெரிய நிழல் மரம் உண்டு. தையல் கற்க வரும் பெண்கள் அதன் அடியில் உட்கார்ந்து காஜா எடுப்பார்கள். காற்றே இல்லாத ஒரு மத்தியான நேரம் அந்த மரம் இரண்டாகப் பிளந்து வீட்டு ஓட்டின்மேல் சாய்ந்தது. நல்லவேளை, டீச்சர் அடுப்படியில் இருந்தார். பிளந்த மரத்துக்குள் ஓர் ஆள் நிற்கலாம், அவ்வளவு பெரிய பொந்து. பொந்து முழுக்க ஈரமண், அதில் கரையான் நெளிந்தது.

தெருவே கூடிவிட்டது. டொக்குவைக் கூப்பிடுங்கள் என்றார்கள். வந்தான். உத்தரத்தைத் தட்டினான், நிலையைத் தட்டினான், கடைசியில் வெட்டும் மேசைக்கு வந்தான். மூடப்போகிற ஒரு கடையில் அதைப் பழசாக வாங்கியிருந்தார் டீச்சர். ஒரு காலைத் தட்டினான். பொத்தென்றது.

"துறைமுகத்துப் பக்கம் வாங்கின மேசைதானே டீச்சர்?"

"ஆமாண்ணா. ஆனா வாங்கும்போது நல்லா கெட்டியா இருந்துச்சே."

"அப்படித்தான் இருக்கும். இதுலதான் வந்திருக்கு, சந்தேகமே வேணாம். எரிச்சுடணும். இல்லாட்டி இந்தத் தெருவே போயிடும்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அடித்துச் சொன்னான்.

அப்புறம் கேட்கவா வேண்டும்? ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேசையை நடுத்தெருவில் கொண்டுவந்து போட்டுக் கொளுத்தினார்கள். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் டீச்சர் வாசற்படியில் நின்றிருந்தார்.

அன்றிலிருந்து அது டீச்சர் வீட்டுக் கரையான் ஆகிவிட்டது. யார் வீட்டில் கதவு உப்பினாலும் டீச்சர் வீட்டுக் கரையான். துணி கொடுக்க ஒருவரும் போகவில்லை, மடிப்புக்குள் ஒளிந்து வந்துவிடுமாம்! கற்றுக்கொள்ள வந்த பெண்களை வீட்டில் தடுத்துவிட்டார்கள். எதிர்வீட்டுப் பால்காரரின் மனைவி டீச்சர் தலை தெரிந்தாலே கதவைச் சாத்துவாள். "எப்பக் காலி பண்றீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு.

மழைக்காலம் முடிந்தபோது எங்கள் குழாயடிச் சுவரின் பூச்சு உப்பி நின்றது. அண்ணி சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்த பிறகு ஒரு நாள் அவன் திருப்புளியோடு உட்கார்ந்தான். அந்த மூலை இருட்டு, நான் டார்ச் பிடித்தேன்.

"டீச்சர் வீட்டுக் கரையான் நம்ம வரைக்கும் வந்துடுச்சு பாரு" என்று அலுத்துக்கொண்டே பெயர்த்தான். பூச்சு உதிர்ந்ததும் திருப்புளியைக் கீழே வைத்தான்.

சுவருக்குள் ஒரு மூட்டை அளவுக்குக் கூடு. மண்பாதைகள் எல்லாம் அங்கிருந்து தடிமனாகக் கிளம்பி, டீச்சர் வீட்டுப் பக்கம் போகப் போக மெலிந்திருந்தன. எனக்கே புரிந்தது, அவனுக்குப் புரியாதா? கூட்டின் அடியில் டப்பாவுக்குப் போடுகிற அட்டைத் துண்டுகள், நீல அச்சுகூட அழியாமல் கிடந்தன.

"ராணி இல்லன்னு சொன்னியே?" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. "ராணி இல்லாட்டி அதுலயே ஒண்ணு ராணி ஆயிடுமாம். பயிற்சி வகுப்புல சொன்னாங்க. நமக்குத் தெரியாததான்னு நான் பின்னாடி உட்கார்ந்து கதை பேசிட்டிருந்தேன்."

அன்றைக்கே மருந்தை இறக்கிக் கூட்டை அழித்தான். டப்பாவை உடைத்துப் போட்டான். சுவரில் சிமெண்ட் பூசிவிட்டு, "வெளிய மூச்சு விட்டுடாதே" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"மேசையைக் கொளுத்தச் சொன்னப்ப மட்டும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தத் தெரிஞ்சுதா உனக்கு? இப்ப வாய் அடைச்சுப் போச்சா?"

"கரையான் மருந்துக்காரன் வீட்டுலேர்ந்து கரையான் கிளம்பிச்சுன்னா எவன் என்னைக் கூப்பிடுவான்? என் பொழப்பே போயிடும்மா."

"அவங்க பொழப்பு போனது கண்ணுக்குத் தெரியலையா?"

சிமெண்ட் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு வேலைக்குப் பின்தெரு வழியாகச் சுற்றிப் போனான். டீச்சர் வாசலைத் தாண்டாமல் இருக்கத்தான். சாப்பிடும்போது தலை நிமிராது. அண்ணி இரண்டு வார்த்தை பேசினால் எரிந்து விழுந்தான். வெட்கம் அவனைத் தின்றது, இருந்தும் வாயைத் திறக்கவில்லை. அவன் தங்கை என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூசியது.

ஒரு நாள் சாயங்காலம் டீச்சரே எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன். போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும் அண்ணா. உங்க குழாயடியில புதுசாப் பூசியிருக்கிறதைப் பார்த்தேன். என்னால உங்க சுவரும் போச்சு. அன்னைக்கு நீங்கதான் வந்து கண்டுபிடிச்சுக் கொடுத்தீங்க, உங்களுக்கே இப்படி ஆயிடுச்சு. மன்னிச்சுக்குங்க."

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தான். டீச்சர் எதிரே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஐயோ, நீங்க மன்னிப்பு கேட்காதீங்க டீச்சர். அது உங்க வீட்டுக் கரையான் இல்ல. எங்க வீட்டுக் கரையான். நான் வளர்த்தது, நான் கொட்டினது."

ஒன்று விடாமல் சொன்னான். டீச்சர் கத்தவில்லை.

"அப்ப அது நல்ல மேசைதானா?"

"நல்ல மேசைதான். தரையிலேர்ந்து காலுக்கு ஏறியிருக்கு. நான்தான் தலைகீழாச் சொல்லிட்டேன்."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மழை விட்டதுலேர்ந்து."

அதுவரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இத்தனை நாளா எல்லாரும் என்னைக் கேட்டதெல்லாம் உங்க காதுல விழுந்துச்சு இல்ல? என்கிட்ட சொன்னா போதுமா? அன்னைக்கு நடுத்தெருவுல நின்னுதானே சொன்னீங்க. போய்த் தெருவுல சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் அப்போதே கிளம்பினான். பாதியில் நழுவிவிடுவானோ என்று நானும் கூடவே போனேன். முதலில் பால்காரர் வீடு. அடி விழும் என்று நினைத்தே போனான். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"அட, விடுப்பா டொக்கு! வேணும்னா பண்ணினே? உள்ள வா, டீ குடிச்சுட்டுப் போ" என்றார் அவர். கதவைச் சாத்துகிற அந்த அம்மாள்தான் டீ கொண்டுவந்தாள்.

அடுத்தது பஸ் டிரைவர் வீடு. "கரையானுக்கே வீடு கட்டிக் கொடுத்துட்டியாடா!" என்று விழுந்து விழுந்து சிரித்து, அண்ணன் தோளில் கை போட்டுக்கொண்டார். எலக்ட்ரீஷியன் வீட்டில், "வந்ததுதான் வந்தே, எங்க நிலையைக் கொஞ்சம் தட்டிப் பார்த்துட்டுப் போயேன்" என்றார்கள். ஒரு வீட்டிலாவது நாலு வார்த்தை திட்டுவார்கள் என்று நான் காத்திருந்தேன். திட்டவேயில்லை. டீச்சர் பெயரை யாரும் எடுக்கவும் இல்லை. வீட்டுக்கு வீடு அண்ணன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. எனக்குத்தான் அவன் பின்னால் நடக்கவே வெட்கமாக இருந்தது.

கடைசியில் டீச்சர் வீட்டுக்குப் போனோம். அவர் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேன் டீச்சர். ஒரு வீடு பாக்கியில்ல. யாரும் ஒண்ணும் கோவிச்சுக்கல. போகட்டும் விடு, மன்னிச்சுட்டோம்னுட்டாங்க" என்றான் அண்ணன்.

டீச்சர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"உங்களை மன்னிச்சுட்டாங்க, சரி. என்கிட்ட மன்னிப்பு கேட்க யாராவது வர்றேன்னாங்களா?"

அண்ணன் திரும்பி வாசலைப் பார்த்தான். நானும் பார்த்தேன். தெருவில் யாரும் வரவில்லை.