கனிசியஸ் சொல்ல வேண்டிய சொல்

குருநகர்க் கரையில் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்துக்குக் கனிசியஸ் தலைவரான விதம் இன்றைக்கும் சிரிப்புத்தான். பொதுக்கூட்டத்தில், தலைவராக இருக்க விருப்பமானவர் எழும்புங்கோ என்றதும் அத்தனை பேரும் குனிந்து செருப்புத் தேடத் தொடங்கினார்கள். செருப்பே போடாமல் வந்தவர்களும் தேடினார்கள். அந்த நேரம் பார்த்துக் கனிசியஸ் இருந்த பிளாஸ்டிக் கதிரையின் கால் முறிந்தது. விழாமல் தப்ப மனுசன் துள்ளி எழும்பினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அதற்குப் பிறகு அவரை ஒருவரும் இருக்க விடவில்லை.

கதிரையையும் குறை சொல்ல முடியாது. வள்ளத்தில் அவர் ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கம் நாலு பேர் இருந்து சமப்படுத்த வேண்டும். குரல் உடம்பை விடப் பெரிது. அவர் இங்கே தும்மினால் கடலுக்கு அந்தப் பக்கம் மண்டைதீவில் நாய் குரைக்கும். சங்கத்துக்கு ஒலிபெருக்கி வாங்கும் கதை வந்தபோது, எல்லோரும் அவரை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார்கள்.

மனுக் கொடுப்பது, மாலை போடுவது, அதிகாரிமாருக்கு முன்னால் தலையைச் சொறிவது எல்லாம் யாரும் செய்யலாம். அந்தக் கரையில் தலைவருக்கென்றே ஒரு வேலை இருந்தது. கடலுக்குப் போன வள்ளம் திரும்பாவிட்டால் எவரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். எல்லா வள்ளங்களும் தேடத்தான் போகும். ஆள் கிடைத்தால் தேடல் தானாக நிற்கும். கிடைக்காவிட்டால், தலைவர் இறங்குதுறைக்கு வந்து எல்லோருக்கும் முன்னால் "போதும்" என்று சொல்ல வேண்டும். வேறு எவர் வாயிலும் அந்தச் சொல் வரக்கூடாது. அது வந்த பிறகுதான் வலைகள் கடலுக்குப் போகும். அது வந்த பிறகுதான் ஒரு வீட்டில் இறந்தவருக்கான பூசைக்குச் சொல்லுவார்கள்.

யாகோப்பு திரும்பி வராத வருசம், கனிசியஸ் அதை மூன்றாம் நாள் பின்னேரம் சொன்னார். காற்று எழும்பியிருந்தது. கரை முழுக்க அடுப்பு எரியவில்லை. யாகோப்பின் மனைவி லூர்த்தம்மா சந்தையில் மீன் விற்கிறவள்; கத்தியில்லாமல் நாக்காலேயே செதில் உரிக்கக்கூடியவள். அவள் அழவில்லை. அன்றிலிருந்து கனிசியஸின் பெயரை மாற்றிவிட்டாள்.

"போதும் வாறார், வழி விடுங்கோ," என்பாள் சந்தைக்கு அவர் வந்தால். பெரிய மீனெல்லாம் தள்ளிவைத்துவிட்டு நாலு சின்னச் சூடை மீனை அள்ளி நீட்டுவாள். "உமக்கு உது போதும்."

சந்தை சிரிக்கும். கனிசியஸும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுச் சூடையை வாங்கிக்கொண்டு போவார். வேறு ஆளிடம் அவர் மீன் வாங்கியதே இல்லை.

போன கார்த்திகையில், கனிசியஸின் ஒரே மகன் ஜெயசுதன் தனியே சின்ன வள்ளத்தில் போனவன் திரும்பி வரவில்லை.

எல்லா வள்ளங்களும் இறங்கின. நெடுந்தீவுக்கு அப்பால் அவனுடைய மண்ணெண்ணெய்க் கான் ஒன்று மிதந்தது. அதற்கு மேல் கடல் எதுவும் தரவில்லை. அடுத்த நாள், வாக்குக் கேட்டுத் திரிந்த ஒரு பெரிய மனுசர் கரைக்கு வந்தார். கரையில் நின்றபடியே உயிர்காப்பு அங்கி போட்டிருந்தார். சேற்றில் தாழ்ந்துபோவார் என்ற பயமாக்கும். ஆள் கிடைக்கும்வரை தேடல் நிற்காது, தான் நிற்கவும் விடமாட்டேன் என்று கைபேசிக் கமராவைப் பார்த்துச் சொன்னார். கமரா நின்றதும் சப்பாத்துக் கழுவத் தண்ணீர் கேட்டார். அவர் பேசினதில் ஒரு சொல்லும் நனையவில்லை. ஆனால் ஜெயசுதனின் மனைவி ஜெசிதா அந்தப் பேச்சைத்தான் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், தேடப் போன வள்ளம் ஒன்று கவிழ்ந்தது. இரண்டு பெடியளை மற்றவர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவனுக்குத் தலை பிளந்திருந்தது. அவனை ஆசுப்பத்திரிக்கு ஏற்றின கையோடேயே மற்றவர்கள் திரும்பவும் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டார்கள்.

சங்கச் செயலாளர் பிரகாஸ், கனிசியஸை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணை, நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். பேசாமல் வீட்டிலை இருங்கோ. உங்கடை பிள்ளைக்கெண்டால் பெடியள் மாசக்கணக்கிலும் தேடுவாங்கள்."

"ஓம். அதுதான் பயமாக் கிடக்கு," என்றார் கனிசியஸ். "யாகோப்புக்கும் தேடியிருப்பாங்கள். நான்தான் மறிச்சனான்."

பின்னேரம் அவர் இறங்குதுறைக்கு நடந்தார். அவர் வருவதைக் கண்டதும் எஞ்சின்களை நிறுத்தினார்கள். லூர்த்தம்மா வெறும் மீன்கடகத்தோடு முன்னுக்கு நின்றாள். மூன்று நாளாய் அவளுக்கும் விற்க மீன் இல்லை. ஜெசிதா ஓடிவந்து மாமனாரின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"மாமா, சொல்லாதேங்கோ. இண்டைக்கு மட்டும் சொல்லாதேங்கோ."

அவர் அந்தக் கையை விலக்கவில்லை. கடலைப் பார்த்தார். பிறகு வள்ளங்களில் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாயைத் திறந்தார். மண்டைதீவு நாயை எழுப்புகிற குரல், அவருடைய மீசையைக்கூடத் தாண்டவில்லை.

பின்னுக்கு நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னவர், என்ன சொன்னவர் என்று விசாரித்தார்கள். முன்னுக்கு நின்று காதில் விழுந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்ல அவர்களுக்கு வழக்கம் இல்லை, வாயும் வரவில்லை. பின்னாலிருந்த வள்ளம் ஒன்று தேடலுக்குப் புறப்பட்டே விட்டது.

லூர்த்தம்மா கடகத்தைக் கீழே போட்டுவிட்டுத் துறையின் நுனிவரைக்கும் போனாள்.

"தலைவர் சொல்லிப்போட்டார்," என்று கத்தினாள். "திரும்புங்கோ. போய் வலையளை எடுங்கோ."

புறப்பட்ட வள்ளம் திரும்பியது. ஜெசிதா சட்டைக் கையை விட்டாள்.

விடிய வள்ளங்கள் தொழிலுக்குப் போயின. தலை பிளந்த பெடியன் பிழைத்துக்கொண்டான். ஜெயசுதன் கரைக்கு வரவேயில்லை. சந்தையில் இப்போது கனிசியஸுக்கு நல்ல மீன் கிடைக்கிறது. லூர்த்தம்மா பேசாமல் பாரை மீனாகப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறாள். ஒரு பகிடியாவது விடமாட்டாளா என்று அவர் கொஞ்ச நேரம் நிற்பார். அவள் அடுத்த ஆளுக்கு மீன் வெட்டத் தொடங்கிவிடுவாள்.

அந்த மீனை ஜெசிதாதான் சமைக்கிறாள். மாமனாரோடு கதைப்பதில்லை. சாப்பாட்டுக் கோப்பையை வைத்து, ஒரு கரண்டி சோறு போடுவாள். பிறகு இன்னொரு கரண்டி. பிறகும் போடுவாள். ஒரே ஒரு சொல் சொன்னால் நிறுத்திவிடுவாள். கனிசியஸ் அதைச் சொல்லமாட்டார். சோறு குவிந்து, கோப்பை விளிம்பால் வழிந்து, மேசையில் விழும். அவர் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.