பாலமில்லாத தெருவில் 3.2 மீட்டர்

தண்டையார்பேட்டையில் பாலமோ ஆர்ச்சோ இல்லாத ஒரு தெருவுக்கு, மேப்பில் யாரோ 3.2 மீட்டர் உயரக் கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். அப்போது நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் ரூட் பிளானர். எந்த டிரெய்லர் எந்த வழியாகத் துறைமுகம் போவது என்று கம்ப்யூட்டரில் வழி எடுத்து டிரைவர் போனுக்கு அனுப்புவது என் வேலை.

கார் ஓட்டுகிறவர்கள் பார்க்கும் மேப்புக்கு ஆட்டோவும் நாற்பதடி டிரெய்லரும் ஒன்றுதான். அதனால் நாங்கள் பொது மேப்புக்கு மாறியிருந்தோம். பால உயரம், ரோடு அகலம், லாரித் தடை எல்லாவற்றையும் அதில் யார் வேண்டுமானாலும் குறிக்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.

"எவன் வேணா எழுதலாம்னா, எவன் வேணா கிறுக்குவாம்லா?" என்றார் முதலாளி. திருநெல்வேலிக்காரர்.

"நான் திருத்திடறேன் சார்." எனக்கு அப்போது அந்தத் திமிர் இருந்தது.

அந்தத் தெரு எங்கள் கோடவுனிலிருந்து மெயின் ரோட்டுக்குக் குறுக்கு வழி. பைக்கில் போய்ப் பார்த்தேன். பகல் பதினொரு மணி. தெரு நெடுக அண்ணாந்து பார்த்துக்கொண்டே உருட்டினேன். இடிக்கிற மாதிரி ஒன்றுமில்லை. ஆபீசுக்கு வந்து 3.2-ஐ அழித்தேன். காரணம் எழுதும் இடத்தில், "நேரில் பார்த்தேன், தடை இல்லை" என்று போட்டேன்.

மறுநாள் எண் திரும்ப வந்திருந்தது. போட்டவர் பெயர் 'ராங்கி'. காரணம்: "எத்தினி மணிக்கு வந்து பார்த்தே?"

மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது, இந்த முறை 2.9. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழித்த கையோடு, ராங்கி கண்ணில் படுவதற்குள் மேப்பை எங்கள் சாஃப்ட்வேரில் ஏற்றி, சனிக்கிழமை முதல் டிரிப்பை அந்தத் தெரு வழியாகவே விட்டேன்.

காலை ஆறரைக்கு டிரைவர் தயாளன் போன் செய்தார்.

"சார், வண்டி முன்னாடி கொடம் நிக்குது சார்."

"யாரு நிக்கிறாங்க?"

"ஆளு இல்ல சார், கொடம். தண்ணி லாரிக்கு லைன் போட்டுக்கிறாங்கோ. நூறு இருக்கும். ஒண்ண நவுத்துனேன், பத்து பேரு வந்துட்டாங்கோ."

பத்து மணிக்குக் கட்-ஆஃப். அதற்குள் பெட்டி துறைமுக கேட்டுக்குள் போகாவிட்டால் கப்பல் அதை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். நான் போனபோது டிரெய்லர் தெருவுக்குள் பாதி நுழைந்து நின்றது. பின்னால் தண்ணீர் லாரி, உள்ளே வர வழியில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க ஒரு பெண் என் எதிரே வந்தார்.

"நீதான் அழிக்கிற ஆளா?"

"நீங்கதான் ராங்கியா?"

"பேரு கலைச்செல்வி. டைலர் கடை வெச்சிக்கீறேன். ராங்கின்றது தெருவுல வெச்ச பேரு."

"ஏம்மா, இங்க பாலம் எங்க இருக்கு?"

"இல்லதான். சப்வேக்கு 3.2ன்னு போட்டுக்கீது, அங்க ஒரு லாரி போவுதா? அதான் எங்க தெருவுக்கும் ஒண்ணு போட்டேன்." கூச்சமே இல்லாமல் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். "அன்னிக்கி மேலயே பார்த்துகினு போனியே, கடைலேர்ந்து பார்த்தேன். பக்கத்துல பார்த்தியா? வா."

தெருவின் வளைவுக்குக் கூட்டிப்போனார். ஒரு பக்கம் டிரான்ஸ்ஃபார்மர், எதிரே வீட்டுச் சுவர். டேப்பின் ஒரு நுனியை என் கையில் கொடுத்தார். அது ஐந்தடி டேப் என்பதால் இரண்டு தடவை வைத்து அளந்தோம். ஒன்பதடி. டிரெய்லரின் அகலமே எட்டடிக்கு மேல். நாற்பதடி நீளத்தோடு அங்கே திரும்பவே முடியாது. குடங்கள் மறிக்காமல் இருந்திருந்தால் தயாளன் டிரான்ஸ்ஃபார்மரில்தான் போய்ச் செருகியிருப்பார்.

"இந்த அகலத்தப் போட்டிருந்தா நான் தொட்டே இருக்க மாட்டேனேம்மா!"

"அகலத்துக்குத் தனியா கட்டம் கீதுன்னு எனுக்கு இன்னா தெரியும்?"

அங்கேயே காட்டிக்கொடுத்தேன். அவரே தன் போனில் அகலத்தைப் போட்டு, ராத்திரியே திரும்பப் போட்டிருந்த உயரத்தை எடுத்தார். தண்ணீர் லாரி பின்வாங்கியது. பிறகு டிரெய்லர். "வா, வா, லெப்டு ஒடி, ஏய் நில்லு!" என்று எட்டுப் பெண்கள் எட்டு விதமாகக் கத்தினார்கள். கலைச்செல்வியின் குரலை மட்டும் கேட்டு ஓட்டியதாகத் தயாளன் பிறகு சொன்னார். ஒன்பது ஐம்பதுக்குப் பெட்டி கேட்டுக்குள் போனது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மேப்பில் பொய்யான எண்ணைப் பார்த்தால் அழிக்கும் முன் போட்டவரிடம் ஏன் என்று கேளுங்கள். நான் கேட்காமல் மூன்று முறை அழித்தேன்.

அடுத்த மாதம் கலைச்செல்வியிடமிருந்து மெசேஜ் வந்தது: "எண்ணூர்ல எங்க அக்கா வூட்டாண்ட நீ ரோடுன்னு போட்டுக்கிறது, பவர் ஹவுஸ் சாம்பல் போற பைப்பு."

சாட்டிலைட் படத்தைப் பார்த்து நானே வரைந்த ரோடு அது. பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். பைப்புதான்.