நெற்றி என்று நினைத்த இடம்

செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் புகைப்படக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது, கம்ப்யூட்டர் திரையின் நிறத்தை அளக்கும் கருவி ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். திரைமேல் ஒட்டவைத்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறிமாறிப் பார்த்து, அந்தத் திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதை ஒரு முக்கோணமாக வரைந்து தரும். அதன்படி திரையின் நிறத்தையும் திருத்திவிடும். முக்கோணம் பெரிதென்றால் நல்ல திரை. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. திருவண்ணாமலையில் வேறு எந்தக் கல்யாண ஆல்பக் கடையிலும் அது கிடையாது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடையில் நானும் என் மனைவியின் தம்பியும் கூட்டு. சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கித் திரையை வாங்கி வந்தவன் அவன்தான். முதல் தடவை அளந்தபோது முக்கோணம் பெரிதாகவே வந்தது. அதை அச்செடுத்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டி, வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவான்.

ஆயுத பூஜை முடிந்து மறுபடி அளந்தேன். நீல மூலை சூம்பிப் போயிருந்தது. திருத்திய திரையில் எல்லாம் நீலம் பாய்ந்து தெரிந்தது. கருவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, படங்களில் நீலத்தைக் குறைத்துக் குறைத்து ஒரு கல்யாண ஆல்பத்தை முடித்தோம். மறுவாரமே பெண்ணின் அப்பா வந்து அதை மேசைமேல் போட்டார்.

"இன்னாங்க இது? எம்பொண்ணுக்கு மஞ்சக்காமாலையா? மாப்பிள்ள வீட்ல கேக்குறாங்க."

எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. அவர் முன்னாலேயே மச்சானைப் பிடித்துக்கொண்டேன். "எவனோ தலைல கட்டுன பெட்டிய அப்படியே தூக்கினு வந்துகிறான் பாருங்க! அளந்து பாத்தேன், நீலமே கம்மி. கண்ண எங்கடா வச்சிருந்த?"

"நல்லாத்தான மாமா இருந்துச்சு," என்று சுவரைக் காட்டினான். நான் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் அவன் திரையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சென்னை போனான். அந்தக் காலத்துத் திரை, குண்டு டிவி கனம். விற்றவர் சோதித்துப் பார்த்துவிட்டு, குறையே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதே பஸ்ஸில் அதே மாதிரி சுமந்து வந்து மேசைமேல் இறக்கிவைத்தான்.

கடையைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி கருவியைப் புரட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, இந்தக் கண்ணாடில சந்தனம் காஞ்சி கெடக்குது?"

வைத்தவன் நான்தான். பூஜையன்று கேமரா, கத்தரி, மவுஸ் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபோது, இதற்கு முகம் எந்தப் பக்கம் என்று தெரியாமல், பளபளவென்று இருந்த இடத்தையே நெற்றி என்று நினைத்து வைத்தேன். பிறகு மேலாக ஒரு துடை. சந்தனம் அப்பிய கண்ணுக்கு நீலம் எங்கே தெரியப்போகிறது! நன்றாகத் துடைத்து அளந்தோம். முக்கோணம் பழைய அளவுக்கே வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மச்சான் உட்கார்ந்து ஆல்பத்தைத் திருத்த ஆரம்பித்தான்.

புது ஆல்பம் வாங்க வந்த பெண்ணின் அப்பா புரட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, திரையைக் காட்டிக் கேட்டார். "இப்பதான் எம்பொண்ணு மாதிரி இருக்குது. பெட்டிய மாத்திட்டீங்களா?"

மச்சான் என்னைப் பார்த்தான். நான் பில் புத்தகத்தைப் பார்த்தேன்.

"ஆமாங்க," என்றான். "நான் வாங்கினதுதான் கோளாறு. மாத்திட்டேன்."

"இனிமேலாவது பாத்து வாங்குப்பா," என்று அவர் அவன் தோளைத் தட்டினார். நானும் தலையாட்டினேன்.