சிப் இல்லாத அட்டை

பழைய கம்ப்யூட்டர் போர்டு ரிப்பேர் பார்க்கிறவன் காதில் முதலில் விழும் பொய், “நாங்க ஒண்ணும் தொடலீங்க” என்பதுதான். என்னைப் போல ஓசூர்ப் பட்டறைகளில் டூல்ஸ் பையோடு அலையும் சக பாவிகளுக்கு இது புதிதல்ல.

யாரும் தொடவில்லை

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த திங்கட்கிழமை. மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு கியர் பட்டறை. கியர்களைச் சோதிக்கும் மிஷினை ஓட்டுகிற பழைய மினிகம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. பெட்டியைத் திறந்தேன். பிராசஸர் போர்டு, அதன் பின்னால் டிஸ்க்குக்கும் பிரிண்டருக்குமான கன்ட்ரோலர் போர்டுகள், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். துடைத்து ஆன் செய்தேன். பிராசஸருக்கு உயிர் இருந்தது. டிஸ்க்கைக் கூப்பிட்டால்தான் பதில் இல்லை.

முதலாளி என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். ஆபரேட்டர் முனிராஜ் அஞ்செட்டிப் பக்கத்து ஆள். இந்த மிஷினை விட்டால் வேறு வேலை தெரியாது. அவரைப் பார்த்துக்கொண்டே முதலாளி என்னிடம் சொன்னார்: “உள்ள கை வச்சவன் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க பாய். அவன் நாளைலருந்து வர வேணாம்.”

நடுவில் ஒரு காலி இடம்

என் பையிலிருந்த டிஸ்க் போர்டை மாற்றிப் பார்த்தேன். அதுவும் ஊமை. சாப்பாட்டு நேரம் போயே போய்விட்டது. மூன்று மணிக்கு டார்ச் அடித்தபோதுதான் பிராசஸருக்கும் டிஸ்க் போர்டுக்கும் நடுவில் ஓர் இடம் காலியாக இருப்பது கண்ணில் பட்டது. காலையிலேயே பார்க்கவில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. இந்த மிஷின்களில் ‘இனி நீ பேசலாம்’ என்று பிராசஸர் தரும் அனுமதி போர்டுக்குப் போர்டு கைமாறித்தான் போகும். நடுவில் இடம் விட்டால் பின்னால் இருப்பவர்களுக்கு எதுவும் போய்ச் சேராது. அதற்காகவே காலி இடத்தில் செம்புக் கோடு மட்டும் போட்ட ஒரு வெறும் அட்டையைச் செருகி வைப்பார்கள்.

முதலாளி போன் பேச வெளியே போன சமயம் பார்த்து, அந்த அட்டை என்ன ஆச்சு என்று முனிராஜைக் கேட்டேன். “அதுல ஒரு சிப்பு கூட இல்லீங்க பாய். சும்மா எடத்த அடச்சினு இருக்குதுன்னு உருவிட்டேன்.”

என்ன கோளாறு?

பின்னாலிருந்த போர்டுகளை ஒவ்வோர் இடம் முன்னால் தள்ளிச் செருகினேன். மிஷின் ஓடியது. முதலாளி வந்து என்ன கோளாறு என்று கேட்டார். தூசி என்றேன். அவர் நம்பாமல் முனிராஜைப் பார்த்தார். முனிராஜுக்குத் தாங்கவில்லை, அட்டையை உருவியது தான்தான் என்று சொல்லிவிட்டார்.

அது எங்கே என்று முதலாளி அதட்டினார். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்து நீட்டினார் முனிராஜ். நடுவில் கருகி, கோடுகள் உரிந்திருந்தன. பூஜையன்று தட்டைக் காணோம் என்று அதன் மேல்தான் கற்பூரம் ஏற்றினார்களாம். அதை வாங்கி மிஷினுக்கு மூன்று சுற்றுக் காட்டியவர் முதலாளியேதானாம். முதலாளி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முனிராஜ், போய் கியர மாட்டு. பாய், ரிப்போர்ட்ல தூசின்னே எழுதிடுங்க.”

இந்தத் தொழிலில் நான் காப்பாற்றிய போர்டுகளை விட, தூசி காப்பாற்றிய ஆட்கள்தான் அதிகம்.